அழித்து எழுதிய செம்பு



இங்கு வரும்போது கத்தரிக்கோலால் வெட்டிய ஒரு வெற்றுத் தாளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். இதோ, தூக்கிப் பிடிக்கிறேன். பின்வரிசையில் இருப்பவர்களுக்கு வெள்ளையாக ஏதோ ஆடுவது மட்டும் தெரியும். உயரம் 8 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், நீளம் பதினெட்டரை. நம் அஞ்சலட்டையைவிட நீளம் கூட, உயரம் கொஞ்சம் குறைவு. இவ்வளவு இடத்துக்குள் ஒரு படை நிற்கிறது. நடுவில் ஒரு பெரிய மரம். மரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிணங்கள்.

அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்ட அமைப்பாளர்கள் எல்லா ஏற்பாடும் செய்திருக்கிறார்கள். காட்டத்தான் போகிறேன். ஆனால் இந்த விஷயத்தில் திரை பொய் சொல்லும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 17-ஆம் நூற்றாண்டில் இதை வாங்கியவர் சுவரில் மாட்டி எட்ட நின்று பார்க்கவில்லை. கையில் எடுத்துக்கொண்டு சன்னல் பக்கம் போனார்; மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்தார். அப்போதுதான் பிணங்கள் பிணங்களாகத் தெரிந்தன. அதுவரை அவை இலைகளோடு இலைகளாக இருந்தன.

அந்தக் காலத்துக் கலையான பரோக் என்றதும் நமக்கு நினைவு வருவது வேறு. உரோமாபுரித் தேவாலயக் கூரையில் மேகம் பிளந்து உடல்கள் கொட்டுவது, கரவாஜியோவின் பக்கவாட்டு வெளிச்சம், பெர்னினியின் பளிங்கில் காற்று புகுந்த துணி. எல்லாம் பெரியவை, உரக்கப் பேசுபவை. அதே காலத்தில் கைக்கடக்கமான தாளில், கறுப்பு மை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நாடகம் நடத்தியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நிறம் இல்லை. கோடும், கோடு இல்லாத தாளும்தான் இருந்தன. கதை சொல்ல அவர்களுக்குக் கைகொடுத்தது சேர்த்தலைவிட நீக்கல்தான் என்பது என் எண்ணம். தள்ளி வைப்பது, வெறுமையாக விடுவது, தேய்த்து அழிப்பது. ஓவியத்தில் அழித்தது மேல்பூச்சுக்கு அடியில் போய்விடும். அச்சுப்படத்தில் அழிப்பதற்கு முன் எடுத்த படியும் உலகில் இருக்கும், அழித்தபின் எடுத்ததும் இருக்கும். கதை சொல்பவன் மனம் மாறிய கதையும் சேர்ந்தே நமக்குக் கிடைக்கிறது.

மரத்துக்குத் திரும்புவோம். வரைந்தவர் ழாக் காலோ. 1592-ல் லொரேன் நாட்டின் தலைநகரான நான்சியில் பிறந்தவர். இளமையில் புளோரன்ஸ் போய் மெதிச்சி அரண்மனையில் வேலை பார்த்தார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலைகளில் பல நாடகம் சம்பந்தப்பட்டவை. அரண்மனை விழாக்கள், மேடைக் காட்சிகள், அலங்கார ஊர்வலங்கள். மேடையை வரைந்து வரைந்து, வெளியுலகத்தையும் மேடையாகப் பார்க்கும் கண் அவருக்கு வந்துவிட்டது. 1620-ல் அவர் செய்த இம்ப்ருனெத்தா சந்தைப் படத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் போல் இன்னொருவர் இல்லை.

1621-ல் புரவலர் இரண்டாம் கோசிமோ இறக்க, காலோ ஊர் திரும்பினார். ஐரோப்பா அப்போது முப்பதாண்டுப் போரில் இறங்கியிருந்தது. 1633-ல் ‘போரின் பெருந்துயரங்கள்’ என்ற தொடர் பாரிசில் வெளிவந்தது. முகப்பையும் சேர்த்துப் 18 படங்கள். ஆள் சேர்ப்பில் தொடங்குகிறது. பிறகு ஒரு சண்டை. அதன்பின் கொள்ளை: பண்ணைவீடு, கன்னியர் மடம், கிராமம், வழியில் போகும் வண்டி. கொள்ளையடித்த சிப்பாய்கள் பிடிபடுகிறார்கள். சித்திரவதை, தூக்கு, துப்பாக்கி, தீ, சக்கரம் என்று தண்டனைகள் வரிசையாக வருகின்றன. தப்பியவர்கள் முடமாகி மருத்துவச் சாலையில் கிடக்கிறார்கள், தெருவோரம் சாகிறார்கள், குடியானவர்கள் கையில் சிக்கி அடிபட்டுச் சாகிறார்கள். கடைசிப் படத்தில் அரசர் அரியணையில் அமர்ந்து நல்ல வீரர்களுக்குப் பரிசு தருகிறார்.

தூக்குமரம் 11-ஆவது. தொங்குபவர்கள் அப்பாவிக் குடியானவர்கள் என்று பலர் நினைப்பதுண்டு. நானும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். தொங்குபவர்கள் சிப்பாய்கள். தூக்கிலிடுவது அவர்களுடைய படை. படத்தின் அடியில் உள்ள செய்யுள் திருடர்களுக்கு நேர்ந்த கதியைச் சொல்லி நீதி போதிக்கிறது. படம் அதோடு ஒத்துப்போகிறதா என்றால், இல்லை என்பேன். ஏணியில் ஒருவன் ஏற்றப்படுகிறான். பாதிரியார் சிலுவையை நீட்டுகிறார். மரத்தடியில் முரசின்மேல் பகடை உருட்டுகிறார்கள். இருபுறமும் ஈட்டிகள் வேலி போல் நிமிர்ந்திருக்கின்றன. கதறுகிற முகத்தை அருகில் கொண்டுவந்து காட்டும் வேலையே கிடையாது. எல்லாம் ஒரு கல்லெறி தூரத்தில் நடக்கிறது. இரு ஓரங்களிலும் இருண்ட உருவங்கள் நாடகமேடைத் தட்டிகளைப் போல் நிற்க, நடுவில் வெயில் கொட்டிக் கிடக்கிறது. எவ்வளவு அழகான நாள் அது! அந்த அழகுதான் வயிற்றைப் பிசைகிறது.

அதே 1633 செப்டம்பரில் பிரெஞ்சு அரசர் 13-ஆம் லூயியின் படை நான்சியைப் பிடித்தது. காலோவின் சொந்த ஊரின் முற்றுகையை வரையச் சொல்லி அரசர் கேட்டதாகவும், அதற்குப் பதில் என் கட்டைவிரலை வெட்டிக்கொள்வேன் என்று காலோ மறுத்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதே அரசருக்காக லா ரொஷேல் முற்றுகையை வரைந்து கொடுத்தவரும் காலோதான். இந்தத் தொடர் வெளிவந்தது அரச அனுமதியோடு பாரிசில்தான். அவரைப் போர் எதிர்ப்புப் போராளியாக்கும் ஆசை பின்னால் வந்தவர்களுடையது. அவர் எந்தப் பக்கம் என்று படத்தில் சொல்லவில்லை. தூரத்தில் நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான்.

அந்தத் தூரத்தை அவர் எப்படி உண்டாக்கினார் என்பதற்குக் கொஞ்சம் பட்டறைப் பக்கம் போகவேண்டும். செம்புத் தகட்டில் கோடு போட அன்று இருந்த முக்கிய வழிகள் மூன்று. ஒன்று, கூர் உளியால் செம்பையே செதுக்கி எடுப்பது. உள்ளங்கையால் உளியைத் தள்ள வேண்டும். ஏர் பிடிப்பது போன்ற வேலை, ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும். இரண்டாவது, தகட்டின்மேல் மெழுகு பூசி, ஊசியால் மெழுகை மட்டும் கீறி, அமிலத்தில் இடுவது. கீறிய இடத்தை அமிலம் அரிக்கும். கை எழுதுகோல் பிடித்தது போல் ஓடும். மூன்றாவதை ரெம்பிராண்ட் வரும்போது சொல்கிறேன்.

காலோ இரண்டாம் வழிக்காரர். மென்மையான மெழுகை விட்டுவிட்டு, யாழ் போன்ற நரம்புக் கருவிகள் செய்பவர்கள் பூசும் கெட்டி வார்னிஷைத் தகட்டில் பூசினார். அது பிளக்காது, பெயராது. அதனால் மயிரிழைக் கோடுகளையும் நெருக்கமாகப் போட முடிந்தது. நுனியைச் சாய்வாகத் தீட்டிய ஓர் ஊசியையும் பயன்படுத்தினார். விரலுக்கிடையில் அதைத் திருப்பினால் கோடு மெலிந்து தொடங்கி, பருத்து, மீண்டும் மெலியும். உளியின் கம்பீரம் ஊசிக்கு வந்துவிட்டது. இந்த முறைகளை 1645-ல் ஆபிரகாம் போஸ் பாரிசில் நூலாகவே எழுதி வெளியிட்டார்.

இன்னொன்று அமிலத்தின் நேரம். தொலைவில் உள்ளவை மெல்லியதாக வேண்டும் என்றால், சிறிது நேரம் அரித்ததும் தகட்டை வெளியே எடுத்து, அந்த இடங்களை வார்னிஷால் மூடிவிட்டு, மற்றதை மறுபடி அமிலத்தில் விட வேண்டும். முன்னால் நிற்பவனுக்கு நீண்ட நேரம், மலைக்குக் கொஞ்ச நேரம். நான் மாணவனாக இருந்தபோது ஒருமுறை வானத்தை மூட மறந்து தேநீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பிவந்து அச்செடுத்தால் நண்பகல் நள்ளிரவாகியிருந்தது. என் ஆசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை. “மழை வருதுன்னு சொல்லிடு” என்றார். அன்றைக்குச் சிரித்தோம். அச்சுப்படத்தில் தூரம் என்பது நிமிடக் கணக்கு என்று எனக்குப் புரிந்தது அந்தத் தேநீரால்தான்.

உளிக்காரர்களைப் பற்றியும் ஒரு சொல். ஆண்ட்வெர்ப்பில் ஓவியர் ரூபன்ஸ் தம் ஓவியங்களை அச்சுப்படமாக்க ஒரு பட்டாளத்தையே வைத்திருந்தார். ஓவியம் ஓர் ஊரில் மாட்டியிருக்கும். அச்சுப்படம் ஐரோப்பா முழுக்கப் போகும். பிறர் நகலெடுக்காதிருக்க 1619, 1620-ஆம் ஆண்டுகளிலேயே அரசுகளிடம் உரிமை ஆணை வாங்கி வைத்த வியாபாரி அவர். அவருடைய தலைசிறந்த உளிக்காரர் லூகாஸ் வோர்ஸ்டர்மானுக்கும் அவருக்கும் மூண்ட சண்டை முற்றி, 1622-ல் ரூபன்சின் உயிருக்குப் பாதுகாப்பு கேட்டு நண்பர்கள் மனுப்போடும் அளவுக்குப் போனது. உழைப்பு ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது என்றால் வேறென்ன நடக்கும்? அந்தப் படங்கள் அபாரமானவை. பட்டு பட்டாகவே மின்னும். ஆனால் வேறிடத்தில் நடந்து முடிந்த நாடகத்தை நன்றாகத் திருப்பிச் சொல்பவை அவை. செம்பில் பிறந்தவை அல்ல. இன்னோர் உளிக்காரர் குளோது மெலான் 1649-ல் இயேசுவின் முகத்தை மூக்கு நுனியில் தொடங்கிச் சுழன்று சுழன்று விரியும் ஒரே கோட்டில் செதுக்கினார். கை எடுக்காமல் போட்ட கம்பிக்கோலம் மாதிரி. அதிசயம்தான். அதிசயப்பட்டு முடித்ததும் படமும் முடிந்துவிடுகிறது.

இனி ரெம்பிராண்ட். இந்த உரையே அவரிடம் வந்து சேரத்தான்.

1606-ல் லெய்டனில் பிறந்தவர். செய்த அச்சுப்படங்கள் ஏறத்தாழ 300. இளமையில் அவர் கீறிய பிச்சைக்காரர்களில் காலோவின் சாயலை எளிதில் காணலாம். 1634-ல் இடையர்களுக்கு வானதூதர் தோன்றும் படம் செய்தார். இரவு, வானம் பிளந்து ஒளி கொட்டுகிறது. இடையர்கள் விழுந்தடித்து ஓட, மாடுகளும் ஆடுகளும் நாலு திசையும் தெறிக்கின்றன. நற்செய்தி கேட்டு மாடு மகிழாது, மிரளும் என்று தெரிந்த ஆள்! ஆனாலும் அது இன்னும் உரத்த குரல்தான். அந்தக் குரல் தணிய அவருக்குப் பதினைந்து ஆண்டு பிடித்தது.

1648 வாக்கில் முடித்ததாகக் கருதப்படும் ‘நூறு கில்டர் படம்’ தணிந்த குரலில் பேசுகிறது. ஒரு படிக்கு நூறு கில்டர் விலை போனதால் வந்த பெயர் என்பார்கள். மத்தேயு நற்செய்தியின் 19-ஆம் அதிகாரத்தில் அடுத்தடுத்து நடக்கும் பலவற்றை ஒரே அரங்கில் நிறுத்தியிருக்கிறார். வலப்புறத்து இருட்டிலிருந்து நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள், கைவண்டியில் கிடத்தப்பட்டவர் உட்பட. இடப்புறம் வாதாடும் பரிசேயர்கள். குழந்தையோடு ஒரு தாய். அவளைத் தடுக்கும் சீடர். போவதா நிற்பதா என்று முகவாயைத் தாங்கி உட்கார்ந்திருக்கும் பணக்கார இளைஞன். பரிசேயர்கள் பக்கம் வெறும் கோட்டுருவம்தான். நிழலே இல்லை, பாதியில் விட்டது போல் தாள் வெளுத்துக் கிடக்கிறது. அது சோம்பலில் விட்ட வெண்மை இல்லை. வாதம் செய்பவர்கள் முழு வெளிச்சத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வேண்டுபவர்கள் இருட்டில் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு கிழவி கைகூப்புகிறாள். அந்தக் கைகளின் நிழல் இயேசுவின் அங்கியில் விழுகிறது. அவள் தொடவில்லை. நிழல் தொட்டுவிட்டது. திரையில் இதைக் காட்டினால் நான் விரல் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாளைக் கையில் வைத்திருந்தவர் தானே கண்டுபிடித்திருப்பார்.

இந்தத் தகட்டின் பிற்கால விதியையும் சொல்லிவிடுகிறேன். 18-ஆம் நூற்றாண்டில் அது வில்லியம் பெய்லி என்ற ராணுவ கேப்டன் கைக்கு வந்தது. தேய்ந்திருந்ததை அவரே ‘திருத்தி’ அச்சடித்து விற்றார். பிறகு தகட்டை நான்கு துண்டாக வெட்டி, துண்டு துண்டாகவும் அச்சடித்தார். ஒரு பெரிய கூத்தை நாலு இரவாகப் பிரித்துச் சீட்டு விற்றது போல.

மூன்றாவது வழியைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? மெழுகும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். வலுவான ஊசியால் நேராகச் செம்பையே கீறுவது. உளி செம்பைச் சுருளாக வெட்டி எடுத்துவிடும். ஊசி எடுக்காது, ஒதுக்கும். கலப்பை போன சாலின் ஓரத்தில் மண் எழும்பி நிற்பது போல, கோட்டின் ஓரத்தில் செம்புப் பிசிறு எழும்பி நிற்கும். மை பூசித் துடைக்கும்போது பிசிறில் மை தங்கிவிடும். அச்சில் அந்தக் கோடு வெல்வெட் போலக் கசிந்து கறுக்கும். அந்தக் கறுப்புக்கு ஈடில்லை. ஆனால் ஆயுள் மிகக் குறைவு. அச்சுப்பொறியின் அழுத்தத்தில் ஒவ்வொரு படிக்கும் பிசிறு நசுங்கும். சில பத்துப் படிகளுக்குள் கோடு வெளிறிவிடும்.

1653-ல் ‘மூன்று சிலுவைகள்’ படத்தை ரெம்பிராண்ட் இந்த முறையில்தான் கீறினார். ஏறத்தாழ 38-க்கு 45 சென்டிமீட்டர். அவர் தகடுகளில் பெரியவற்றில் ஒன்று. தகட்டை மாற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் ‘நிலை’ என்பார்கள். முதல் நிலையின் சில படிகளைத் தாளில் அடிக்காமல் கன்றுத்தோலில் அடித்தார். தோல் மையை முழுதாக உறிஞ்சாது. கோடுகள் கலங்கி, புகை சூழ்ந்தது போல் ஆகிவிடும். நண்பகலில் உலகம் இருண்டது என்று நற்செய்தி சொல்லும் நேரம் அது. மேலிருந்து ஒளி கூம்பாக இறங்குகிறது. இயேசு தொங்கும் நடுச்சிலுவையின் முன் உரோமைத் தளபதி குதிரையை விட்டிறங்கி மண்டியிட்டிருக்கிறான். ஒருவன் குப்புற விழுந்து கிடக்கிறான். முகத்தைப் பொத்திய ஒருவனை மற்றவர்கள் நடத்திப் போகிறார்கள். முன்னால் இருவர், பேசி முடித்த வியாபாரிகள் போல், அவசரமாக வெளியேறுகிறார்கள். கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை உண்டு. மூன்றாம் நிலையில் கையொப்பமும் ஆண்டும் போட்டார். எந்த ஓவியனும் அத்தோடு கைகழுவியிருப்பான்.

படிகள் எடுக்க எடுக்கத் தகடு தேய்ந்தது. தேய்ந்த கோடுகளை மறுபடி ஆழப்படுத்தி விற்பதுதான் வழக்கம். ரெம்பிராண்ட் சுரண்டியையும் தேய்ப்பானையும் எடுத்தார். கூட்டத்தில் பெரும்பகுதியை அழித்தார். மிஞ்சியவற்றின்மேல் நீண்ட, முரட்டு, நேர்கோடுகளை மேலிருந்து கீழாக இழுத்தார். அடைமழை போலவும் இருக்கிறது, திரை விழுவது போலவும் இருக்கிறது. பக்கத்துச் சிலுவையில் தொங்கும், மனம் திரும்பிய கள்வன் இருட்டில் ஏறக்குறைய மூழ்கிவிட்டான். புதிதாக ஒரு குதிரை முன்னங்கால் தூக்கி மிரள்கிறது. இன்னொரு குதிரையில் உயரத் தொப்பியோடு ஒருவன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். அந்த உருவம் 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கலைஞர் பிசனெல்லோ செய்த ஒரு பதக்கத்திலிருந்து எடுத்தது. பழைய பதக்கத்தின் பிரபு சிலுவையடியில் என்ன செய்கிறான்? ஏன் அப்படி உறைந்திருக்கிறான்? தெளிவாக விளங்காததே அவனுடைய பலம். முதல் நிலைகளில் நாம் பலர் அழுவதைப் பார்த்தோம். இந்த நிலையில் யார் எங்கே என்றே தெரியாமல் நாமே இருட்டில் அகப்பட்டுக்கொள்கிறோம்.

இந்த மாற்றத்துக்குக் காரணம் கலை வேட்கையா, தேய்ந்த தகட்டில் புதுச் சரக்கு எடுக்கும் வியாபார யோசனையா என்று கேட்பதுண்டு. சேகரிப்பாளர்கள் ஒரே படத்தின் எல்லா நிலைகளையும் தேடி வாங்கினார்கள் என்பது உண்மை. எனக்கு இரண்டையும் பிரிக்கத் தோன்றவில்லை. செம்பு தேயாவிட்டால் அவர் மறுபடி அதன் முன் உட்கார்ந்திருக்கவே மாட்டார்.

1655-ல் இதையே இன்னும் துணிந்து செய்தார். ஆளுநர் பிலாத்து இயேசுவை மக்கள்முன் நிறுத்தும் காட்சி. 1510-ல் லூகாஸ் வான் லெய்டன் செதுக்கிய படம் அவர் மனத்தில் இருந்தது. உயரமான மேடை, மேலே கைதியும் ஆளுநரும், கீழே கூச்சலிடும் ஊர். எட்டு நிலைகள் எடுத்தார். முதல் நிலைகளில் மேடைக்கு முன் கூட்டம் நெரிகிறது. ஆறாம் நிலைக்கு வரும்போது நடுவில் நின்ற கூட்டத்தைத் தேய்த்தே எடுத்துவிட்டார். பிறகு அங்கே வெற்றுச் சுவரும் இரண்டு கரிய வளைவுகளும் வந்தன. மேலே நிற்பவர்கள் யாரைப் பார்த்து யாரை விடுவிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்? கீழே ஆள் இல்லை. தாளைப் பிடித்திருக்கும் ஆள்தான் இருக்கிறார். தாளில் இன்னும் உற்றுப் பார்த்தால், சுவர் நடுவே பழைய கூட்டத்தின் கீறல்கள் மங்கலாகத் தெரியும். அழித்தவர் முழுக்க அழிக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 1656-ல், அவர் கடனில் மூழ்கி நொடித்துப் போனார். வீட்டிலிருந்த பொருள்களுக்கு அதிகாரிகள் பட்டியல் போட்டார்கள். அந்தக் கெட்ட ஆண்டுகளில் அவர் செய்த ஒரு வேலை நம் பக்கத்தைத் தொடுகிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டுவந்த முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து அவர் நகல் வரைந்தார். இருபதுக்கு மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. மரத்தடியில் நான்கு ஞானிகள் பாயில் அமர்ந்திருக்கும் ஒரு படம் அவற்றில் உண்டு. 1656-ல் ஆபிரகாம் வானதூதர்களுக்கு விருந்தளிக்கும் அச்சுப்படம் செய்தபோது தூதர்களை மேசை நாற்காலியில் உட்காரவைக்காமல், அந்த ஞானிகளைப் போலவே தரையில் உட்கார்த்தினார். 1580-ல் இயேசு சபையார் ஆண்ட்வெர்ப் அச்சுப்படங்களோடு கூடிய விவிலியத்தை அக்பருக்குக் கொடுத்து, முகலாய ஓவியர்கள் அவற்றை நகலெடுத்ததும் வரலாறு. போன தாளுக்கு வந்த தாள் சரியாகிவிட்டது.

கடைசியாக ஒரு சிறிய தகடு. ஹெர்குலிஸ் செகர்ஸ் என்று ஒருவர் இருந்தார். பாறையும் வெறுமையுமான நிலக்காட்சிகளை வண்ணத் தாளிலும் துணியிலும் அச்சடித்த விசித்திர மனிதர். அவருடைய எட்டு ஓவியங்கள் ரெம்பிராண்டின் வீட்டில் இருந்ததை அந்த 1656 பட்டியல் சொல்கிறது. செகர்ஸ் கீறிய ஒரு செம்புத் தகடும் ரெம்பிராண்டிடம் வந்து சேர்ந்திருந்தது. விவிலியக் கதையில் வரும் தோபியாவும் அவனுக்கு வழித்துணையாக வந்த வானதூதரும் பெரிய உருவங்களாக நடந்து போகும் காட்சி. ஓவியர் எல்ஸ்ஹைமரின் ஓவியத்தை 1613-ல் ஹென்றிக் கௌட் செதுக்கினார். அதைப் பார்த்துச் செகர்ஸ் செய்தது இது. மூன்று கை மாறி வந்த கதை.

‘மூன்று சிலுவைகள்’ உருவான 1653 வாக்கில் ரெம்பிராண்ட் இந்தத் தகட்டின் வலப்பகுதியைச் சுரண்டினார். இடப்பக்கத்து நிலத்தையும் தூரத்து வெளியையும் பெரும்பாலும் தொடாமல் விட்டார். பெரிய உருவங்கள் இரண்டும் போயின. அந்த இடத்தில் மரங்களைக் கீறி, மரங்களுக்கடியில் மிகச் சிறியதாக யோசேப்பையும், கழுதைமேல் குழந்தையோடு மரியாளையும் வைத்தார். எகிப்துக்குத் தப்பி ஓடும் குடும்பம். அடுத்த முறை இந்தப் படத்தை எங்கேனும் பார்க்க வாய்த்தால் குடும்பத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே கண்ணை மேலே மரத்துக்குக் கொண்டு போங்கள். இலைகளுக்குள் சில கோடுகள் இலை போகும் திசையில் போகாமல் வேறு பக்கமாக வளைந்திருக்கும். செகர்சின் வானதூதரின் சிறகு அது. சுரண்டியும் முழுதாகப் போகவில்லை. அதன் கீழேதான் கழுதை போய்க்கொண்டிருக்கிறது.